வீட்டிலேயே கொரியன் ஸ்டைல் பன்றி ரிப்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"கொரியன் ரிப்ஸ் செய்தேன், வெளியே கருகிவிட்டது, உள்ளே ரப்பர் மாதிரி இருக்கிறது, சாஸில் என்ன குறை?" இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. பெரும்பாலும் சாஸில் ஒரு குறையும் இருக்காது. கறியை வெட்டிய விதம் ஒன்று, சுட்ட விதம் வேறொன்று, இரண்டும் பொருந்தவில்லை, அவ்வளவுதான். கீழே இருக்கும் பதில்களில் பாதி இதைச் சுற்றித்தான் வரும். எந்த வெட்டு என்று முதலில் முடிவு செய்யுங்கள், மற்றதெல்லாம் அதன் பின்னால்தான்.

கொரியாவில் உண்மையில் இதை எப்படிச் சாப்பிடுகிறார்கள்?

அங்கே இதன் பெயர் த்வேஜி கல்பி. த்வேஜி பன்றி, கல்பி விலா. சியோலில் ஹான் ஆற்றங்கரையில் இருக்கும் மாப்போ பகுதி இதற்குப் பேர்போனது. ஒரு காலத்தில் மஞ்சள் கடல் பக்கத்திலிருந்து உப்பும், உப்பிட்ட பொடி இறாலும் ஏற்றிக்கொண்டு வந்த படகுகள் நின்ற துறை அது. மாட்டு விலாவுக்கு சுவோன், போச்சோன் பக்கத்து இடோங் என்று வேறு ஊர்கள் உண்டு, அது விலை கூடிய சமாச்சாரம். பன்றி விலா அன்றாட ஜனங்களின் சாப்பாடு. வேலை முடிந்து நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது.

கடைக்குள் போனால் மேசை நடுவிலேயே கரி அடுப்பு, அதன் மேல் கம்பி வலை, உச்சியிலிருந்து புகையை இழுக்க ஒரு குழாய். கறி பச்சையாக, சோயா கலவையில் ஊறியபடி தட்டில் வரும். சுடும்போதே இடுக்கியால் தூக்கிப் பிடித்து, கத்தரிக்கோலால் ஒரு வாய்க்கு ஒரு துண்டாக நறுக்குவார்கள். லெட்டூஸ் இலையில் வைத்து மடித்து வாயில் போட வேண்டியதுதான்.

அதாவது, அமெரிக்கக் கடைகளில் கிடைக்கும், கையில் பிடித்துக் கடிக்கிற, சாஸ் வழியும் நீள ரேக் (எலும்புகளைப் பிரிக்காமல் வரிசையாக விட்ட விலா) அல்ல இது. அந்த ரேக்கையும் கொரியர்கள் சாப்பிடுகிறார்கள், தெங் கல்பி என்பார்கள், முதுகை ஒட்டிய விலா. ஆனால் அதற்குச் சமைக்கும் முறையே வேறு. நாம் இணையத்தில் பார்க்கிற "கொரியன் ரிப்ஸ்" பலவும் இந்த இரண்டாவது வகை.

கோச்சுஜாங் (கொரியர்களின் புளிக்கவைத்த சிவப்பு மிளகாய் விழுது) இல்லை. அது இல்லாமல் இதைச் செய்ய முடியுமா?

தாராளமாக. மாப்போ பாணி த்வேஜி கல்பியில் கோச்சுஜாங்கே கிடையாது. சோயா, சர்க்கரை, பூண்டு, இஞ்சி, வெங்காயம், பேரிக்காய், மிளகு, எள்ளெண்ணெய், இவ்வளவுதான் அடிப்படை. "கொரியன்" என்றதும் சிவப்பாக இருந்தே ஆக வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். காரமான வகையும் உண்டு, அதைக் கீழே சொல்கிறேன்.

கறிக்கடையில் என்ன சொல்லிக் கேட்பது?

நம் ஊர் பன்றிக்கறிக் கடைகளில் எலும்பும் தோலும் கொழுப்புமாகச் சேர்த்துச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டித் தருவதுதான் வழக்கம். வறுவலுக்கு அது சரி, இதற்குச் சரிப்படாது. கத்தியை எடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்: "விலாப்பகுதி மட்டும் வேண்டும், துண்டு போடாதீர்கள், முழுசாகக் கொடுங்கள், தோல் வேண்டாம்." காலையில் போனால்தான் முழு விலா கிடைக்கும்.

மெல்லிய வெட்டு வேண்டுமென்றால் தோள்பட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் முதல் நாலைந்து விலா எலும்புகள் சிறந்தவை. அங்கே சதை தடிமன், கொழுப்பும் ஊடும் பாவுமாக ஓடியிருக்கும். வீட்டுக்கு வந்து ஒவ்வொரு எலும்பாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அப்புறம் எலும்பை ஒட்டிக் கத்தியை இறக்கி, சதை எலும்பிலிருந்து முழுதாகக் கழன்றுவிடாமல், பாயை விரிப்பது போலப் பக்கவாட்டில் அறுத்து விரித்துக்கொண்டே போக வேண்டும். அரை சென்டிமீட்டரிலிருந்து முக்கால் சென்டிமீட்டர் கனத்தில் ஒரே நீளத் தகடாக வர வேண்டும், ஒரு முனையில் எலும்பு தொங்கும். பிறகு அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாக லேசாகக் கீறிவிடுங்கள். முதல் எலும்புக்குக் கை தடுமாறும், கறி கிழியும், பரவாயில்லை, கிழிந்த துண்டும் அதே ருசிதான். கறியை முக்கால் மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து கொஞ்சம் விறைத்ததும் வெட்டினால் கத்தி சொன்னபடி கேட்கும்.

இது கஷ்டம் என்று தோன்றினால் எலும்பில்லாத கழுத்துக்கறியையோ தோள்பட்டைக் கறியையோ அதே கனத்தில் நீளமாக வெட்டிக்கொள்ளுங்கள். கொரியாவிலேயே பல கடைகளில் விலாவோடு கழுத்துக்கறியையும் சேர்த்துத்தான் தருகிறார்கள், இதில் ஏமாற்று எதுவும் இல்லை.

சூப்பர் மார்க்கெட் ஃப்ரீசரில் ஸ்பேர் ரிப்ஸ், பேபி பேக் ரிப்ஸ் என்று கிடைப்பதை வாங்கினால் அது ரேக் வகை. அதை மெதுவாக வேகவைத்துத்தான் சுட வேண்டும்.

ரேக்கின் பின்பக்கம் வெள்ளையாக ஒரு சவ்வு இருக்கிறதே, எடுக்க வேண்டுமா?

கட்டாயம் எடுங்கள். அது எவ்வளவு வேகவைத்தாலும் மிருதுவாகாது, கலவையையும் உள்ளே விடாது. ரேக்கின் ஒரு ஓரத்தில், எலும்புக்கும் சவ்வுக்கும் நடுவே ஸ்பூனின் காம்பை நுழைத்துக் கிளப்பிவிடுங்கள். விரலால் பிடித்தால் வழுக்கும், டிஷ்யூ பேப்பரைச் சுற்றிப் பிடித்து இழுத்தால் சர்ரென்று ஒரே உரியாக வந்துவிடும். பாதியில் அறுந்தால் இன்னொரு ஓரத்திலிருந்து ஆரம்பியுங்கள்.

சமைப்பதற்கு முன் தண்ணீரில் போட்டு வைக்கச் சொல்கிறார்களே, எதற்கு?

எலும்புக்குள்ளும் எலும்பு ஓரத்திலும் தங்கியிருக்கும் ரத்தம் வெளியேற. கொரிய வீடுகளில் விலா எலும்பு எதுவானாலும் முதல் வேலை இதுதான். குளிர்ந்த தண்ணீரில் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம், நடுவில் ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். வெக்கையான நாளென்றால் பாத்திரத்தை ஃப்ரிட்ஜுக்குள் வையுங்கள். பன்றிக்கறியின் கவுச்சி வாசம் பாதி இதிலேயே போய்விடும், மீதியை இஞ்சி பார்த்துக்கொள்ளும். மெல்லியதாக விரித்த வெட்டுக்கு இருபது நிமிடமே அதிகம், எலும்பில்லாத கறியென்றால் தேவையே இல்லை. ஊறிய பிறகு நன்றாகத் துடைத்து ஈரமில்லாமல் ஆக்குங்கள், இல்லாவிட்டால் கலவை நீர்த்துப் போகும்.

சரி, கலவைக்கு அளவு சொல்லுங்கள்.

எலும்போடு ஒரு கிலோ கறிக்கு:

சோயா சாஸ் 100 மில்லி, தண்ணீர் 100 மில்லி, சர்க்கரை 3 மேசைக்கரண்டி, தேன் 1 மேசைக்கரண்டி, பேரிக்காய் நடுத்தரமாக ஒன்று, பெரிய வெங்காயம் பாதி, பூண்டு 10 பல், இஞ்சி ஒரு அங்குலத் துண்டு, மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி, வறுத்த எள்ளெண்ணெய் 1 மேசைக்கரண்டி. அரிசி ஒயின் கையில் இருந்தால் 2 மேசைக்கரண்டி, இல்லையென்றால் விட்டுவிடுங்கள், அதற்கு மாற்றாக வினிகர் ஊற்ற வேண்டாம்.

பேரிக்காய், வெங்காயம், பூண்டு, இஞ்சி நான்கையும் மிக்ஸியில் அரைத்து, துணியில் வடிகட்டி, சாறை மட்டும் எடுத்து மற்றதோடு கலக்குங்கள். வடிகட்டுவதைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். அரைத்த சக்கை கறி மேல் ஒட்டிக்கொண்டால் நெருப்பில் முதலில் கருகுவது அதுதான், கறி வேகும் முன்பே கசப்பு ஏறிவிடும். சக்கையை வீணாக்க வேண்டாம், அன்றைக்கு வேறு ஏதாவது குழம்பில் போட்டுவிடலாம்.

கலவையை நக்கிப் பார்த்தால் இனிப்பும் உப்பும் தூக்கலாக இருக்க வேண்டும். சாப்பிடும் பக்குவத்தில் இருந்தால் கறிக்குப் போதாது.

பேரிக்காய் எதற்கு? அன்னாசியோ பப்பாளியோ போட்டால் ஆகாதா?

பேரிக்காய் இரண்டு வேலை செய்கிறது. கறியை லேசாக மிருதுவாக்குகிறது, கூடவே சர்க்கரையால் தர முடியாத ஒரு தண்ணென்ற இனிப்பைத் தருகிறது. கொரியப் பேரிக்காய் உருண்டையாக, பழுப்புத் தோலோடு, கடித்தால் மொறுமொறுவென்று சாறு கொட்டும். தென்மேற்கில் இருக்கும் நாஜு அதற்குப் பெயர் பெற்ற ஊர். நமக்கு நீலகிரி, கொடைக்கானல் பேரிக்காய் போதும். கெட்டியாக, நறநறவென்று இருக்கும், இனிப்பு மட்டும் கொஞ்சம் குறைவு, அரைக் கரண்டி சர்க்கரை கூடப் போட்டுக்கொள்ளுங்கள். சீசன் இல்லாதபோது ஆப்பிள் போடலாம். அதற்கு மிருதுவாக்கும் சக்தி பெரிதாக இல்லை, ருசிக்கு ஒத்து வரும்.

அன்னாசி, கிவி, பச்சைப் பப்பாளி மூன்றும் வேறு ஜாதி. அவற்றில் இருக்கும் நொதிகள் புரதத்தை வேகமாக அறுக்கக் கூடியவை. ஒரு கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி சாறு, அதிகபட்சம் ஒரு மணி நேரம், அதற்கு மேல் போனால் கறியின் மேல்புறம் கூழாகிவிடும், சுட்டாலும் சேறு மாதிரிதான் இருக்கும். ராத்திரி முழுவதும் ஊறவைக்கும் திட்டம் இருந்தால் இவற்றை அறவே தொட வேண்டாம். டப்பாவில் வரும் அன்னாசி பதப்படுத்தும்போது சூடேறியது, அதில் அந்த நொதி செத்துப்போயிருக்கும், இனிப்புக்கு மட்டும் பயன்படும்.

எந்த சோயா சாஸ்?

லேபிளைத் திருப்பிப் பாருங்கள். சோயாபீன்ஸ், கோதுமை, தண்ணீர், உப்பு, இந்த நான்கும் முன்னால் இருந்தால் நல்லது. ஃப்ரைட் ரைஸுக்கு வாங்கி வைத்திருக்கும், கேரமல் நிறம் சேர்த்த டார்க் சோயா வேண்டாம், கறி தார் மாதிரி கறுக்கும், புளித்த சோயாவின் வாசமும் வராது. கொரியக் கடையில் வாங்கினால் யாங்ஜோ கான்ஜாங் அல்லது ஜின் கான்ஜாங் என்று கேளுங்கள். குக் கான்ஜாங் என்பது சூப்புக்கானது, உப்பு அதிகம். அதை இதே அளவில் ஊற்றினால் வாயில் வைக்க முடியாது.

சென்னையில் இருப்பவர்களுக்கு இது சுலபம். ஹூண்டாய் நிறுவனம் 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் தயாரிப்பைத் தொடங்கியதிலிருந்து கொரியக் குடும்பங்கள் இங்கே வாழ்கின்றன, அவர்களுக்கான மளிகைக் கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் வந்துவிட்டன. கோச்சுஜாங், எள்ளெண்ணெய், மிளகாய்ச் செதில் எல்லாம் கிடைக்கும். மற்ற ஊர்க்காரர்கள் ஆன்லைனில் வாங்கிக்கொள்ளலாம்.

வீட்டில் நல்லெண்ணெய் இருக்கிறதே, அதுவே எள்ளெண்ணெய்தானே?

எள் ஒன்றுதான், எண்ணெய் வேறு. நம் செக்கில் ஆட்டுவது வறுக்காத எள், கூடவே கருப்பட்டியோ வெல்லமோ சேர்த்து ஆட்டுவார்கள். கொரியர்கள் எள்ளை நன்றாக வறுத்த பிறகுதான் பிழிகிறார்கள், அதனால் நிறம் அடர்ந்த பழுப்பு, ஒரு துளி பட்டாலே அடுக்களை மணக்கும். நல்லெண்ணெய் ஊற்றினால் கெடுதல் இல்லை, அந்த மணம் வராது. வேறு வழியில்லை என்றால் இரண்டு மேசைக்கரண்டி வெள்ளை எள்ளை வெறும் வாணலியில் பொன்னிறமாக வறுத்து, அம்மியிலோ உரலிலோ ஒன்றிரண்டாகத் தட்டி, சூடு செய்த நல்லெண்ணெயில் போட்டு ஆறவிடுங்கள். முக்கால்வாசி தூரம் போய்விடலாம்.

எவ்வளவு நேரம் ஊற வேண்டும்?

மெல்லிய வெட்டுக்கு ஆறு மணி நேரம் குறைந்தபட்சம், ராத்திரி முழுக்க என்றால் உத்தமம். இரண்டு நாளைக்கு மேல் வேண்டாம், உப்பு ஏறிக் கறி இறுகிவிடும். ரேக்கை வேகவைத்த பிறகு கலவை பூசிச் சுடுவதால் அதற்கு இரண்டு மூன்று மணி நேரமே போதும். எதுவானாலும் ஃப்ரிட்ஜில்தான். நம் ஊர் வெயிலுக்குப் பன்றிக்கறியை வெளியே வைத்து ஊறவைப்பது ஆபத்து.

மெல்லிய வெட்டை எப்படிச் சுடுவது?

கரி அடுப்பு இருந்தால் கரி முழுக்கச் சாம்பல் பூத்த பிறகு வையுங்கள், கொழுந்துவிட்டு எரியும்போது வைக்காதீர்கள். கலவையை நன்றாக வடியவிட்டு, வலையில் விரித்துப் போடுங்கள். இதில் சர்க்கரை இருக்கிறது, அதனால் ஒரே பக்கமாகப் போட்டுவிட்டு மறந்துவிடக் கூடாது. அரை நிமிடத்துக்கு ஒருமுறை திருப்புங்கள். கொழுப்பு சொட்டி நெருப்பு எழும்பினால் கறியை ஓரத்துக்கு நகர்த்துங்கள், தண்ணீர் தெளிக்க வேண்டாம், சாம்பல் பறந்து கறி மேல் உட்காரும். ஐந்தாறு நிமிடத்தில் விளிம்புகள் அங்கங்கே கறுத்து, நடுவில் பளபளவென்று பழுப்பாக வரும். எலும்பை ஒட்டிய சதை கடைசியாகத்தான் வேகும், அந்தத் துண்டை மட்டும் கத்தரித்து ஓரத்தில் தனியாக இன்னும் கொஞ்ச நேரம் விடுங்கள்.

ஒரு ஈடு முடிந்ததும் வலையைத் துடையுங்கள் அல்லது மாற்றுங்கள். கொரியக் கடைகளில் சாப்பாட்டு நடுவிலேயே வந்து வலையை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், ஏனென்றால் கருகிய சர்க்கரை அடுத்த கறியில் ஒட்டும்.

கரியும் இல்லை, ஓவனும் இல்லை. கேஸ் அடுப்பு மட்டும்தான்.

கவலையே வேண்டாம், கொரியாவில் அபார்ட்மெண்டில் இருப்பவர்களும் கேஸ் அடுப்பில்தான் செய்கிறார்கள். அகலமான வாணலியில் கறியை ஒரே அடுக்காகப் பரப்பி, ஊறிய கலவையில் ஒரு கரண்டி ஊற்றி, மூடி போட்டு மிதமான தீயில் வேகவிடுங்கள். கறியே தண்ணீர் விடும். ஏழெட்டு நிமிடம் கழித்து மூடியைத் திறந்து, தீயைக் கூட்டி, சாறு சுண்டச் சுண்டப் புரட்டுங்கள். கடைசியில் கொழுப்பும் சர்க்கரையும் மட்டும் மிஞ்சி, கறி அதிலேயே வதங்கி மினுமினுக்கும்போது இறக்கிவிடுங்கள். கரி வாசம் இருக்காது, ஆனால் கறி காய்ந்து போகாது, புதிதாகச் செய்பவர்களுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

பழகிய தோசைக்கல்லை இதற்கு எடுக்காதீர்கள். சர்க்கரை பிடித்துக்கொண்டால் அதற்கப்புறம் ஒரு வாரத்துக்குத் தோசை எழும்பாது.

புகை வாசத்துக்காக, பழுத்த கரித்துண்டைக் கிண்ணத்தில் வைத்து நெய் விட்டு மூடலாமா?

வேண்டாம் என்பேன். நெய்ப் புகை எள் மணத்தை அப்படியே அமுக்கிவிடும். அப்புறம் ஒன்று, கரி அடுப்பை ஜன்னல் சாத்திய அறைக்குள்ளோ மூடிய பால்கனியிலோ மூட்டவே மூட்டாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை வாசமும் இல்லை, உயிரை எடுத்துவிடும். கொரியக் கடைகளில் மேசைக்கு மேசை உறிஞ்சு குழாய் தொங்குவது புகைக்காக மட்டுமல்ல, இதற்காகவும்தான்.

ரேக் வாங்கிவிட்டேன். என்ன செய்ய?

இரண்டு எலும்புக்கு ஒரு துண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கவிட்டு, தட்டிய இஞ்சி, வெங்காயத்தாள், பத்து மிளகு போட்டு, கறியை ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு எடுங்கள். மேலே சாம்பல் நிறத்தில் நுரை கட்டும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு ஒவ்வொரு துண்டையும் கழுவுங்கள். பிறகு இரண்டு மூன்று மணி நேரம் கலவையில்.

ஓவன் இருந்தால் ஃபாயிலில் காற்றுப் புகாமல் சுற்றி 150 டிகிரியில் ஒன்றே முக்காலிலிருந்து இரண்டு மணி நேரம். குக்கரில் என்றால் வடித்த கலவையில் பாதியும் அரை டம்ளர் தண்ணீரும் சேர்த்து, முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 12 நிமிடம், பிறகு ஆவி தானாக அடங்கும் வரை திறக்காதீர்கள். சதை எலும்பு நுனியிலிருந்து ஒரு விரல் அகலம் மேலே ஏறியிருக்க வேண்டும், ஆனால் எலும்பை விட்டுக் கழன்று விழக் கூடாது.

குக்கரில் மிஞ்சிய சாற்றை வாணலியில் ஊற்றி, கரண்டியில் ஒட்டும் பதம் வரும் வரை சுண்டவையுங்கள். மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்துவிடுங்கள், நிறைய இருக்கும். அந்தப் பாகைக் கறி மேல் தடவி 220 டிகிரி ஓவனில் பத்து நிமிடம், நடுவில் ஒருமுறை எடுத்து மறுபடி தடவி வையுங்கள். ஓவன் இல்லையென்றால் கம்பி வலையில் வைத்து நேரடியாகத் தீயில் காட்டலாம், ஏற்கெனவே வெந்ததுதானே, நிறம் ஏறினால் போதும்.

விலாவில் கொலாஜன் என்ற இணைப்புத் திசு நிறைய. அது கரைந்து கூழாக மாற 70 டிகிரிக்கு மேல் நீண்ட நேரம் வேண்டும். முழு ரேக்கைப் பச்சையாகக் கொண்டுபோய்ச் சூடான தணலில் வைத்தால் திசு கரைவதற்கு ரொம்ப முன்பே சர்க்கரை கருகிவிடும். ஆரம்பத்தில் சொன்ன "வெளியே கருகல், உள்ளே ரப்பர்" புகாருக்கு முழுக் காரணமும் இதுதான். மெல்லிய வெட்டில் இந்தப் பிரச்சினை ஏன் இல்லை என்றால், கத்தியே திசுவை அறுத்துவிடுகிறது.

ஏர் ஃப்ரையரில்?

மெல்லிய வெட்டு என்றால் 180 டிகிரியில் 12 நிமிடம், பாதியில் திருப்ப வேண்டும், கடைசி மூன்று நிமிடத்துக்குக் கலவையைத் தடவுங்கள். கூடையில் அடுக்காதீர்கள். ரேக் என்றால் குக்கரில் வேகவைத்துவிட்டு, பாகு தடவி 200 டிகிரியில் ஏழெட்டு நிமிடம்.

காரமாக வேண்டும்.

அதே கலவையில் சோயாவைப் பாதியாகக் குறைத்து, கோச்சுஜாங் 3 மேசைக்கரண்டி, மிளகாய்ச் செதில் 2 மேசைக்கரண்டி சேருங்கள். கோச்சுஜாங்கிலேயே உப்பும் இனிப்பும் இருப்பதால் சர்க்கரையும் ஒரு கரண்டி குறையும். அது வெறும் மிளகாய் விழுது அல்ல. மிளகாய்த்தூள், ஒட்டரிசி, புளிக்கவைத்த சோயா, பார்லி முளை, உப்பு எல்லாம் சேர்ந்து மாதக்கணக்கில் பானையில் பழுத்தது. வட ஜோல்லா மாகாணத்தில் சுன்சாங் என்ற ஊரே இதற்குப் பெயர் போனது. மிளகாய் கொரியாவுக்கு வந்தது 16-ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டித்தான் என்பார்கள். நம் சமையலைப் போலவே, அதற்கு முன் காரம் வேறு சரக்குகளிலிருந்து வந்தது.

மிளகாய்ச் செதில் இல்லையா? விதை நீக்கிய காஷ்மீரி மிளகாயைக் கொரகொரப்பாக உடைத்துப் போடுங்கள். குண்டூர் மிளகாய் வேண்டாம், நிறம் வருவதற்குள் காரம் எல்லை தாண்டிவிடும். கோச்சுஜாங் சேர்த்த கறி இன்னும் சீக்கிரம் கருகும், தீ மிதமாகவே இருக்கட்டும்.

உள்ளே வெந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? நாடாப்புழு பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது, ஆனால் தீர்வு எளிது. தெர்மாமீட்டர் இருந்தால் கறியின் கனமான இடத்தில், எலும்பில் படாமல் குத்திப் பாருங்கள். அமெரிக்க வேளாண் துறை 2011-இல் முழுப் பன்றிக்கறித் துண்டுகளுக்கு 63 டிகிரியும் மூன்று நிமிட ஓய்வும் போதும் என்று அறிவித்தது. நம் ஊரில் பன்றி எங்கே எப்படி வளர்ந்தது என்று நமக்குத் தெரியாது, ஆகவே 71 டிகிரியைத் தாண்டவிடுங்கள், உள்ளே இளஞ்சிவப்பு துளியும் இருக்கக் கூடாது. விலாவில் கொழுப்பு இருப்பதால் அதற்கெல்லாம் காய்ந்து போகாது. தெர்மாமீட்டர் இல்லையென்றால் எலும்பு ஓரமாகக் கத்தரித்துப் பாருங்கள், வடியும் சாறு தெளிவாக இருக்க வேண்டும்.

பச்சைக்கறி ஊறிய கலவையைச் சாப்பாட்டு மேசைக்கு அப்படியே கொண்டு போகாதீர்கள். தொட்டுக்கொள்ள வேண்டுமென்றால் கறி போடும் முன்பே ஒரு கிண்ணம் தனியாக எடுத்து வையுங்கள். பச்சைக்கறியை எடுத்த இடுக்கி, வெந்த கறிக்கு வேறு.

கூட என்ன வைப்பது?

இதில்தான் கஞ்சத்தனம் கூடாது. சர்க்கரையும் கொழுப்பும் ஏறிய கறியை வெறுமனே தின்றால் நாலு துண்டில் திகட்டிவிடும்.

லெட்டூஸ் இலையைக் கழுவி, ஈரம் உதறி, உள்ளங்கையில் விரியுங்கள். அதன் மேல் பெரில்லா இலை ஒன்று. இது புதினா, துளசி குடும்பத்தைச் சேர்ந்தது, கிடைக்கவில்லை என்றால் இரண்டு புதினா இலை வையுங்கள், அதுவே இது இல்லை, ஆனாலும் கொழுப்பை வெட்டும். ஒரு துண்டு கறி, கறிக்கு அடியில் சுட்ட ஒரு பூண்டுச் சீவல், பச்சை மிளகாய் ஒரு வட்டம், கடுகளவு சம்ஜாங் (இலையில் மடிக்கும்போது தடவும் விழுது). மடித்து மொத்தமாக ஒரே வாயில் போடுங்கள், கடித்துக் கடித்துத் தின்றால் எல்லாம் சிந்தும். சம்ஜாங் கடையில் இல்லையென்றால் தோயென்ஜாங் (புளிக்கவைத்த சோயா விழுது) இரண்டு பங்கு, கோச்சுஜாங் ஒரு பங்கு, பூண்டு, எள், சில துளி எள்ளெண்ணெய் என்று நீங்களே குழைத்துக்கொள்ளலாம்.

வெங்காயத்தாளை மெல்லிய நூலாக நறுக்கி, ஐஸ் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டால் சுருண்டுகொள்ளும். வடித்துவிட்டு மிளகாய்ச் செதில், வினிகர், சோயா, சர்க்கரை, எள்ளெண்ணெய் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுப் பிசறுங்கள். இதை நான் எவ்வளவு செய்து வைத்தாலும் கறிக்கு முன் தீர்ந்துவிடுகிறது. சோறும் கிம்ச்சியும் சொல்லவே வேண்டாம். கொரியாவில் கறி முடிந்ததும் ஐஸ் மிதக்கும் குளிர்ந்த நேங்மியோன் நூடுல்ஸோ, கொதிக்கக் கொதிக்க தோயென்ஜாங் குழம்போ கேட்பார்கள்.

கோதுமை ஒவ்வாமை உள்ளவர்கள் சாப்பிடலாமா?

சாதாரண சோயா சாஸிலும் பல கோச்சுஜாங் பிராண்டுகளிலும் கோதுமை இருக்கிறது. கோதுமை இல்லாத தமாரி வகை சோயாவை வாங்கி, கோச்சுஜாங் டப்பாவில் லேபிள் பார்த்துச் செய்யுங்கள். எள்ளும் பலருக்கு ஒத்துக்கொள்ளாது, விருந்தாளிகளிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

பன்றிக்கறி சாப்பிட மாட்டோம். இதே கலவை வேறு கறிக்கு ஆகுமா?

எலும்பில்லாத கோழித் தொடைக்கறிக்கு அருமையாக ஒத்து வரும், மூன்று மணி நேர ஊறல் போதும். மாட்டு விலாவுக்கும் இதுவே அடிப்படை, இஞ்சியை மட்டும் பாதியாகக் குறையுங்கள். ஆட்டு விலாவுக்கு எனக்கு இது பிடிக்கவில்லை, ஆட்டின் வாசமும் பேரிக்காயின் இனிப்பும் சண்டை போடுகின்றன.

முன்கூட்டியே செய்து வைக்கலாமா? மிஞ்சினால்?

கலவையோடு சேர்த்து ஜிப் கவரில் தட்டையாகப் பரப்பி ஃப்ரீசரில் வைத்தால் இரண்டு மாதம் தாராளமாகத் தாங்கும், கிவி அன்னாசி சேர்க்காமல் இருந்தால். சமைப்பதற்கு முந்தின இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள், உருகும்போதே ஊறிவிடும்.

சுட்டது மிஞ்சினால் ஃப்ரிட்ஜில் மூன்று நாள். மைக்ரோவேவில் சுடவைத்தால் கொழுப்பு பிரிந்து கறி விறைக்கும். வாணலியில் இரண்டு கரண்டி தண்ணீர் தெளித்து மூடி வைத்துச் சூடாக்குங்கள். என்னைக் கேட்டால் எலும்பை நீக்கிப் பொடியாக நறுக்கி, பழைய சோறு, புளித்த கிம்ச்சி சேர்த்துக் கிளறி, மேலே ஒரு முட்டையை உடைத்து ஊற்றிச் சாப்பிடுவதுதான் சரி. கிம்ச்சியை முதலில் அந்தப் பன்றிக் கொழுப்பிலேயே நன்றாக வதக்கிவிட்டு, அப்புறம் சோறு போடுங்கள்.